பட்டினியில் செழிக்கும் குடுவைச் செடி: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

எலி விழுந்து செத்துக் கிடந்த ஒரு செடியைப் பற்றி 1862-லேயே புத்தகம் வந்துவிட்டது தெரியுமா? வௌவாலுக்குக் குடக்கூலி இல்லாமல் வீடு கொடுக்கும் செடி இருக்கிறது தெரியுமா? மண்ணுக்கு அடியில் இரைபிடிக்கும் செடி ஒன்று 2022-ல் உலகுக்கு அறிமுகமானது தெரியுமா?

எல்லாம் ஒரே பேரினம்! பள்ளித் தாவரவியல் புத்தகத்தில் பூச்சி உண்ணும் தாவரங்கள் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்த நெப்பந்தஸ்தான். குடுவைச் செடி. அன்று படத்தில் மட்டும் பார்த்த அந்த அதிசயம் இன்று நர்சரிகளில் தொங்குதொட்டியில் கிடைக்கிறது. ஆசையாக வாங்கி வருகிறோம். சில மாதங்களில் குடுவைகள் காய்கின்றன, இலை மஞ்சளாகிறது, செடி போய்விடுகிறது.

கவனிக்காமல் விட்டதால் அல்ல. அளவுக்கு மீறிக் கவனித்ததால்! நல்ல செம்மண், தொழுவுரம், தினமும் குழாய்த் தண்ணீர் என்று ரோஜாவுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்கிறோம். ஒன்றுமே இல்லாத மண்ணில் பிழைக்கத் தெரிந்த செடிக்கு நாம் கொடுக்கும் விருந்தே எமனாகிவிடுகிறது. இந்தச் செடியின் வியப்புகளைத் தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறை தானாகப் புரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

குடுவை என்பது பூ அல்ல, இலை! தெரியுமா?

சிவப்பும் பச்சையுமாகத் தொங்கும் குடுவையைப் பார்த்து "என்ன அழகான பூ!" என்று சொல்லாதவர் குறைவு. ஆனால் அது இலை. பாடப்புத்தகத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தட்டையாக, பச்சையாக நாம் இலை என்று நினைப்பது இலையடி விரிந்த பகுதி. இலைக்காம்பு பற்றுக்கம்பியாக நீள்கிறது. இலைத்தாள் குடுவையாகக் குழிகிறது. இலை நுனி மூடியாகிறது. ஒரே இலைக்குள் எத்தனை வேலைப் பிரிவினை!

பூ தனியாக, நீண்ட கதிரில் வரும். அதிலும் ஒரு விந்தை: ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதை வேண்டுமென்றால் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது: ஒரு இலைக்கு ஒரே ஒரு குடுவைதான். அது காய்ந்துவிட்டால் அதே இலையில் இன்னொன்று வராது; அடுத்த குடுவை அடுத்த இலையில்தான். அதனால் குடுவை பழுப்பானதும் முழு இலையையும் வெட்டிவிடாதீர்கள். காய்ந்த பகுதியை மட்டும் கத்தரித்தால் போதும். பச்சையாக இருக்கும் தட்டைப் பகுதி இன்னும் பல மாதங்கள் வெயிலை வாங்கிச் செடிக்கு உணவு சமைத்துக்கொண்டிருக்கும்.

மூடி மூடவே மூடாது, தெரியுமா?

பூச்சி உள்ளே போனதும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்றுதானே நினைத்திருக்கிறோம்? இல்லவே இல்லை! ஒருமுறை திறந்த மூடி பிறகு மூடுவதே இல்லை. மழைநீர் கொட்டி உள்ளே இருக்கும் திரவம் நீர்த்துவிடாமல் தடுப்பதும், அடிப்பக்கத்தில் தேன் சுரந்து பூச்சியை அழைப்பதும்தான் அதன் வேலை.

பிறகு பூச்சி எப்படி மாட்டுகிறது? குடுவையின் வாயைச் சுற்றி வரிவரியாக ஒரு விளிம்பு இருக்கிறதே, சூட்சுமம் அங்கேதான்! உலர்ந்திருக்கும்போது எறும்பு அதில் தாராளமாக நடக்கும். மழையோ பனியோ தேனோ பட்டு ஈரமானதும் விளிம்பு முழுக்க மெல்லிய நீர்ப்படலம் பரவிவிடுகிறது. எறும்பின் கால் விளிம்பைத் தொடவே முடியாது. வழுக்கி உள்ளே விழுந்துவிடும். இதை ஆய்வில் நிறுவியது 2004-ல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாதாரணமாகக் காணப்படும் நெப்பந்தஸ் கிராசிலிஸ் இனம் இன்னும் கெட்டி. மழைத்துளி மூடியின் மேல் விழுந்து அதிரும்போது, மூடியின் அடியில் தொங்கியபடி தேன் குடிக்கும் எறும்பு குடுவைக்குள் உதறி வீசப்படுகிறது! 2012-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது.

இந்த வழுக்கலைப் பார்த்துத்தான் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன்னா ஐசன்பெர்க்கின் குழு, தண்ணீரும் எண்ணெயும் இரத்தமும் ஒட்டாத ஒரு மேற்பரப்பை உருவாக்கி 2011-ல் அறிவித்தது. பூச்சி பிடிக்கும் உபாயம் ஆய்வுக்கூடத்தில் புதுப் பொருளாகிவிட்டது!

திறக்கும் முன்பே குடுவையில் திரவம் தயார், தெரியுமா?

மூடி இறுக மூடியிருக்கும் இளம் குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே திரவம் நிற்பது தெரியும். அது மழைத் தண்ணீர் அல்ல, செடியே சுரந்தது. புரதத்தை உடைக்கும் நெப்பந்தசின் என்ற நொதியும், பூச்சியின் ஓட்டைக் கரைக்கும் கைட்டினேஸ் என்ற நொதியும் அதில் இருக்கின்றன. சில இனங்களில் அந்தத் திரவம் இழை இழையாக நீளும் அளவுக்குப் பிசுபிசுப்பானது. விழுந்த ஈயால் இறகடித்து வெளியேற முடியாது.

ஆகவே, "அழுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது" என்று குடுவையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். அதுதான் செடியின் வயிறு. வாங்கி வரும் வழியில் கொட்டிப் போயிருந்தால், குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தூய்மையான தண்ணீர் ஊற்றிவிடுங்கள். விளிம்புவரை நிரப்ப வேண்டாம்.

இலங்கைக்கும் மேகாலயாவுக்கும் சொந்தமான செடி, தெரியுமா?

ஐரோப்பியர் எழுத்தில் இந்தச் செடி முதன்முதலில் இடம்பெற்றது 1658-ல். மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த எதியன் த ஃபிளாகூர் அதை வியந்து வர்ணித்தார். அதற்கு அடுத்ததாக அவர்கள் கண்ணில் பட்டது நம் பக்கத்து இலங்கைச் செடி! இன்று நெப்பந்தஸ் டிஸ்டில்லட்டோரியா என்று அழைக்கப்படும் அந்த இனம் உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. சிங்கராஜ வனம் உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயத்தில் காணலாம். சிங்களத்தில் அதன் பெயர் பந்துரா. 1753-ல் லின்னேயஸ் தம் புகழ்பெற்ற தாவரப் பட்டியலில் இந்த இலங்கைச் செடியைச் சேர்த்தார்.

இந்தியாவுக்கு இருப்பது ஒரே ஒரு இனம்: நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவின் காசி, ஜெயந்தியா, காரோ மலைகளில் மட்டும் வளர்வது. தெற்கு காரோ மலையில் பாக்மாராவில் இதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது.

மொத்தம் 160-க்கும் மேற்பட்ட இனங்கள்! மேற்கே மடகாஸ்கர், செஷல்ஸ் தொடங்கிக் கிழக்கே ஆஸ்திரேலியாவின் வட முனை, நியூ கலிடோனியா வரை பரவியிருக்கின்றன. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் ஆகியவை இவற்றின் தலைநகரங்கள். இதில் வளர்ப்பவருக்கு மிக முக்கியமான ஒரு பிரிவு உண்டு: தாழ்நிலச் செடி, மலைச்செடி.

தாழ்நிலச் செடிக்கு இரவும் பகலும் வெப்பம் வேண்டும். மலைச்செடிக்குப் பகல் மிதமாக இருந்து, இரவு நன்றாகக் குளிர வேண்டும். சென்னையிலோ திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் மலைச்செடியை வாங்கினால் என்ன கவனித்தாலும் அது மெல்ல மெல்ல நலியும். உங்களுக்கு ராஃப்லேசியானா, ஆம்புல்லாரியா, மிராபிலிஸ் போன்றவை ஏற்றவை. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா வாசிகளா? உறைபனி மட்டும் படாமல் பார்த்துக்கொண்டால் மலைச்செடிகள் உங்கள் ராஜ்யம்! எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால், வென்ட்ராட்டா என்ற கலப்பினத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் ஓரளவு தாங்கும், முதல் செடிக்கு அதைவிட நல்லது இல்லை.

ஓர் ஓவியத்திலிருந்து ஒரு புது இனம் பிறந்தது தெரியுமா?

உலகெங்கும் தனியாகப் பயணம் செய்து செடிகளை வரைந்த ஆங்கில ஓவியர் மரியான் நார்த், 1876-ல் சரவாக்கில் ஒரு பெரிய குடுவைச் செடியை வரைந்தார். லண்டனில் அந்த ஓவியத்தைப் பார்த்த வீச் நர்சரியினர் திகைத்துப்போனார்கள். அப்படி ஒரு செடி அவர்களுக்குத் தெரியாது! உடனே சார்லஸ் கர்ட்டிஸ் என்ற சேகரிப்பாளரைப் போர்னியோவுக்கு அனுப்பினார்கள். அவரும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். 1881-ல் ஜோசப் ஹூக்கர் அதற்கு ஓவியரின் பெயரையே சூட்டினார்: நெப்பந்தஸ் நார்த்தியானா. கியூ தோட்டத்தில் மரியான் நார்த்தின் பெயரில் உள்ள கூடத்தில் அவருடைய ஓவியங்கள் இன்றும் தொங்குகின்றன.

இது இறைச்சி மட்டுமா சாப்பிடுகிறது? தெரியுமா?

போர்னியோவின் கினபாலு மலையில் ஹியூ லோ 1858-ல் சேகரித்த நெப்பந்தஸ் ராஜா, இந்த இனங்களில் எல்லாம் பெரியது. ஒரு குடுவையில் 3 லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும்! எலி செத்துக் கிடந்தது இந்தக் குடுவையில்தான். ஆனால் எலி விழுவது விபத்து. அன்றாடச் சாப்பாடு எறும்பும் சிறு பூச்சிகளும்தான்.

லோவின் பெயரைத் தாங்கிய நெப்பந்தஸ் லோவி இன்னும் விசித்திரம். மூடியில் சுரக்கும் வெண்ணிறப் பிசினை நக்குவதற்கு மர மூஞ்சூறு வருகிறது. நக்குவதற்கு வாகாகக் குடுவையின் மேல் உட்காரும்போது எச்சத்தை உள்ளே போட்டுவிட்டுப் போகிறது. செடிக்கு அதுதான் சாப்பாடு! இலையில் உள்ள தழைச்சத்தில் 57 முதல் 100 விழுக்காடு வரை இந்த எச்சத்திலிருந்தே வருகிறது என்று 2009-ல் கண்டறிந்தார்கள்.

நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானாவில் பகல் முழுக்கக் கம்பளி வௌவால் தங்குகிறது. அதன் எச்சத்திலிருந்து செடிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தழைச்சத்து கிடைக்கிறது. இருட்டில் வௌவால் தன் வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடுவையின் பின்சுவர், வௌவால் எழுப்பும் மீயொலியைத் திருப்பி அனுப்பும் வடிவத்தில் அமைந்திருக்கிறது! 2015-ல் தெரியவந்த செய்தி.

நெப்பந்தஸ் பைகல்கராட்டாவின் பற்றுக்கம்பிக்குள் ஒரு வகை எறும்பு குடியிருக்கிறது. மற்ற பூச்சிகள் மூழ்கிச் சாகும் அதே திரவத்தில் இந்த எறும்பு நீந்துகிறது, முங்குகிறது, பாதி செரித்த இரையை இழுத்து வருகிறது, விளிம்பைத் துடைத்துச் சுத்தமாக வைக்கிறது. ஆம்புல்லாரியாவோ கிட்டத்தட்டச் சைவம்! காட்டுத் தரையில் குடுவைகளைக் கூட்டமாகப் பரப்பி வைத்துக்கொண்டு மேலிருந்து உதிரும் சருகுகளை வாங்கிச் செரிக்கிறது. 2022-ல் போர்னியோவின் வட கலிமந்தானில் விவரிக்கப்பட்ட நெப்பந்தஸ் பியூடிகா, குடுவைகளை மண்ணுக்குள்ளும் பாசிக்கு அடியிலும் வளர்த்து அங்கே எறும்பும் வண்டும் பிடிக்கிறது.

ஏன் இத்தனை பாடு? வேர் நிற்கும் மண்ணில் தழைச்சத்து அநேகமாக இல்லை. அதனால்தான் சாப்பாட்டை இலை தேடிக்கொள்கிறது. இந்த ஒரு காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் தொட்டி மாற்றுவதில் ஒரு தவறும் நேராது.

இந்தச் செடிக்கு மண்ணே வேண்டாம், தெரியுமா?

தோட்டத்து மண், செம்மண், மண்புழு உரம், சாணம், வேப்பம் புண்ணாக்கு எதுவும் கூடாது. சத்து இருந்தால் வேர் கருகும். இதற்குத் தேவை சத்தில்லாத, சற்றே அமிலத்தன்மையுள்ள, காற்று புகுந்து வெளியேறும் ஒரு கலவை. பாதிப் பங்கு நீள இழை ஸ்பாக்னம் பாசி, கால் பங்கு பெர்லைட், கால் பங்கு ஆர்க்கிட் செடிக்கு விற்கும் மரப்பட்டைத் துண்டு அல்லது தேங்காய் மட்டைத் துண்டு. அவ்வளவுதான்.

இந்தப் பொருள்களின் கதையும் வியப்புதான்! ஸ்பாக்னம் பாசி தன் உலர்ந்த எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு நீரை உறிஞ்சும். முதல் உலகப் போரில் பஞ்சு பற்றாக்குறையானபோது காயங்களுக்குக் கட்டுப்போட இந்தப் பாசியைத்தான் பயன்படுத்தினார்கள். 1918 வாக்கில் பிரிட்டனிலிருந்து மாதம் 10 லட்சம் பாசிக் கட்டுகள் மருத்துவமனைகளுக்குப் போயின. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறை. அதை 850 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றும்போது உள்ளே சிறைப்பட்ட நீர் ஆவியாகி, சூட்டு மணலில் நெல் பொரிவது போலவே பொரிந்து 7 முதல் 16 மடங்கு வரை உப்பிவிடுகிறது. அந்த வெள்ளை மணிகளுக்கு இடையிலான காற்றுதான் வேருக்கு உயிர். பெர்லைட்டைக் கொட்டும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். அதன் தூசி மூச்சுக்கு ஆகாது.

கோகோபீட் போடலாமா? பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே! போடலாம், ஆனால் தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். மட்டைத் துண்டுக்கும் இது பொருந்தும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மறுபடி ஊறவைத்து, வடியும் நீர் நிறமில்லாமல் தெளியும்வரை அலசிய பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். வெறும் கோகோபீட்டில் மட்டும் நடாதீர்கள். இறுகிப்போய்க் காற்றை அடைத்துவிடும்.

கறுத்த வேர் அழுகிய வேர் அல்ல, தெரியுமா?

தொட்டியிலிருந்து செடியை எடுத்ததும் பலரும் பதறுவது இங்கேதான். வேர் முழுக்கக் கறுப்பு! அழுகிவிட்டது என்று கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம்! குடுவைச் செடியின் நல்ல வேரே கருமையாக, நூலிழையாக, எளிதில் ஒடியக் கூடியதாகத்தான் இருக்கும். நுனி மட்டும் வெளிறியிருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தொட்டால் கூழாகி நழுவும் வேர்தான் அழுகியது. அதை மட்டும் நீக்குங்கள்.

தொட்டி மாற்றுவதில் பாதி வெற்றி கையை அடக்குவதில், தெரியுமா?

எப்போது மாற்றுவது? பாசி மக்கிக் குழைந்து, தண்ணீர் ஊற்றினால் சட்டென்று வடியாமல் நிற்கும்போது. பொதுவாக ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கோடையின் உச்சத்தில் வேண்டாம். வெயில் தணிந்து காற்றில் ஈரம் ஏறும் பருவத்தில், மாலை வேளையில் செய்யுங்கள். கடையிலிருந்து இப்போதுதான் வந்த செடியா? ஓரிரு வாரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும், பிறகு கைவையுங்கள்.

முதலில் பாசியைத் தூய நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிழிந்தால் சில சொட்டு மட்டும் விழும் பதத்துக்கு வையுங்கள். மற்ற பொருள்களோடு உதிரியாகக் கலந்துகொள்ளுங்கள். புதுத் தொட்டி பழையதைவிட ஓரிரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். "வளரட்டுமே" என்று பெரிய தொட்டியில் வைத்தால் கலவை காயாமல் ஈரம் தேங்கி வேர் அழுகும். மண்தொட்டி நாளடைவில் தன் சுவரில் உப்பைச் சேர்த்துக்கொள்ளும். அடியில் நிறையத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. தொங்குதொட்டி என்றால் குடுவைகள் தாராளமாகக் கீழே இறங்கித் தொங்கும்.

பழைய தொட்டியின் பக்கங்களை மெதுவாக அமுக்கித் தளர்த்துங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. தொட்டியைச் சாய்த்து, வேர்க்கட்டியோடு கையில் வாங்க வேண்டும். வேரோடு ஒட்டியிருக்கும் பழைய கலவையைப் பிய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். தானாக உதிர்வது உதிரட்டும். நர்சரியில் போட்ட உர உருண்டைகள் கண்ணில் பட்டால் அவற்றை மட்டும் பொறுக்கி எறியுங்கள். புதுத் தொட்டியின் அடியில் கொஞ்சம் மரப்பட்டைத் துண்டு, மேலே கலவை, அதன் மேல் செடி. முன்பு எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரத்தில் நிற்கட்டும். சுற்றிலும் கலவையை இட்டு, தொட்டியைத் தட்டினால் போதும். விரலால் அழுத்தி இறுக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். கடைசியாக, அடியில் வடியும்வரை தூய நீர் ஊற்றுங்கள். குடுவைகளைச் சாய்க்காமல் ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டு மூன்று வாரம் நேர் வெயில் படாத, வெளிச்சமான நிழலில் வையுங்கள். காற்று வறண்டிருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்தலாம். பழைய குடுவைகள் சில காயும், பயப்படாதீர்கள். நடுவிலிருந்து புது இலை கிளம்பிவிட்டதென்றால் செடி பிழைத்துவிட்டது. புதுக் குடுவை வர ஓரிரு மாதமும் ஆகலாம். அதுவரை மறுபடி எடுத்து வேரைப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்!

நாம் குடிக்கும் தண்ணீர் இதற்கு ஆகாது, தெரியுமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தச் செடிக்கு 50-க்குள் இருந்தால் உத்தமம். 100-ஐத் தாண்டக் கூடாது. நம் ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் 500-க்கும் மேல் போகிறது! அப்படியானால் எதை ஊற்றுவது? மழைநீர்தான் முதல் தரம். வடகிழக்குப் பருவமழையில் கொசு புகாத டிரம்மில் பிடித்து வைத்தால் பல மாதங்களுக்கு வரும். அடுத்தது ஆர்ஓ நீர். ஆனால் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்குத் திருப்பிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறதே, அது இந்தச் செடிக்கு வேண்டாம்! உப்பெல்லாம் திரண்டு சேர்வது அந்தக் கழிவில்தான்.

கலவை எப்போதும் ஈரமாக இருக்கட்டும்; தொட்டி மட்டும் தண்ணீர்த் தட்டில் நிற்க வேண்டாம். வீனஸ் பூச்சிப்பிடிச் செடி தட்டு நீரில் சுகமாக நிற்கும், பெரும்பாலான குடுவைச் செடிகளுக்கு அது ஒத்துவராது.

குடுவை வராததற்குப் பசி காரணம் அல்ல, தெரியுமா?

இலை மட்டும் கரும்பச்சையாக நீண்டு வளர்கிறது, குடுவையே இல்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. இலை நுனியில் மொட்டு வந்து வளராமல் கருகுகிறது என்றால் காற்றில் ஈரம் போதவில்லை. கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில், பிறகு பச்சை நிழல்வலை: இது பொருத்தமான இடம். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். கடலோர ஊர்களில் அது இயல்பாகவே கிடைக்கும். கோவை, மதுரைக் கோடையில் மற்ற செடிகளுக்கு நடுவே வையுங்கள். ஏசி அறைக்குள் வைப்பது காற்றை வறட்டி மொட்டைக் கொல்லும்.

சாப்பாடு? வெளியே தொங்கும் செடிக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம். எறும்பு தானாக வரும். வீட்டுக்குள் இருந்தால் மாதம் ஒரு முறை ஒன்றிரண்டு சிறு பூச்சியோ, மீன் தீவனக் குருணை சிலவோ ஏதாவது ஒரு குடுவையில் போட்டால் போதும். கறித் துண்டு, பால், சோறு வேண்டவே வேண்டாம். செரிப்பதற்கு முன் அழுகி, குடுவையையே கெடுத்துவிடும்.

இன்னொரு விநோதம் கேளுங்கள்: பூச்சி தின்னும் இந்தச் செடியைப் பூச்சியும் தின்னும்! மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் குருத்திலும் இலையடியிலும் ஒளிந்து சாறு குடிக்கும். குடுவை அவற்றை ஒன்றும் செய்யாது. ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள்; வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கொடி நீண்டுவிட்டதா? மேல்பக்கம் வரும் குடுவைகள் ஒல்லியாக, கீழ்க் குடுவைகளிலிருந்து வேறு வடிவத்தில் இருக்கும். ஒரே செடியில் இரண்டு விதம்! நீண்ட தண்டை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி ஈரப் பாசியில் நட்டு, மூடி வையுங்கள். வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். வெட்டிய அடித்தண்டும் வீணாகாது. புதுக் கிளை விடும்.

ஆசைப்பட்டே ஒரு இனத்தை அழிக்க முடியும், தெரியுமா?

மேற்குக் கலிமந்தானின் கெலாம் மலைப்பாறையில் மட்டும் வளரும் நெப்பந்தஸ் கிளிப்பியாட்டா, சேகரிப்பாளர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. நம் மேகாலயாவின் காசியானாவும் அருகிவரும் இனம். காசியானாவும் ராஜாவும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மற்ற எல்லா நெப்பந்தஸ் இனங்களும் இரண்டாம் பட்டியலில். காசியானாவை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது. அனுமதியின்றிக் காட்டிலிருந்து பறிப்பதும் விற்பதும் குற்றம்.

ஆகவே வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இது திசு வளர்ப்பில் வந்த செடியா, பதியன் போட்டதா, காட்டிலிருந்து வந்ததா?" பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். ஆய்வுக்கூடத்திலும் நர்சரியிலும் பெருக்கிய வென்ட்ராட்டாவும் மிராண்டாவும் அழகில் எந்தக் காட்டுச் செடிக்கும் குறைந்தவை அல்ல. வீட்டுக்கு வந்த பிறகு உரப் பையைத் தொடாதீர்கள், மழைநீரைச் சேமித்து வையுங்கள், வேரைத் தொந்தரவு செய்யாதீர்கள். பாதித் தண்டை வேர்பிடிக்க வைத்து நண்பர் ஒருவருக்குக் கொடுங்கள். உங்களிடம் ஒரு செடி வாங்கியவர் காட்டுச் செடியைத் தேடிப் போகமாட்டார்.